நிழல் விழும் கோயில்: ஒரு கைடின் எட்டு நாள்

நாள் 1: சென்னை, மாமல்லபுரம்

பாரிஸ் விமானம் நள்ளிரவு தாண்டித்தான் இறங்கியது. கையில் இருந்த தாளில் பதினான்கு பேர். எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று. கால் மணி நேரம் கழித்து, ரூபாய் மாற்றப் போயிருந்த பெரியவர் சாவகாசமாக நடந்து வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் ஊன்றுகோல். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாராம். ஒரு ஆளைச் சரியாக எண்ண முடியாத கைடு என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சரி, தொடக்கமே நல்ல சகுனம்.

நான் பிரெஞ்சு பேசும் கைடு. ஊர் புதுச்சேரி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பதினாறு வருடமாகிறது. நடுவே 2020 மார்ச்சிலிருந்து இரண்டு வருடம் போல வேலையே இல்லை. பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டினேன். கைடு வேலை என்றால் சரித்திரம் பேசுவது என்று உறவுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எண்ணுவதுதான் வேலையில் பாதி. பஸ்ஸில் ஏறும்போது எண்ண வேண்டும், இறங்கும்போது எண்ண வேண்டும், கழிவறைக்குப் போய் வந்தபின் எண்ண வேண்டும். சரித்திரமெல்லாம் அப்புறம்.

மாமல்லபுரம் ஓட்டல் வந்து சேரும்போது மணி மூன்றரை. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. தூங்கப் போகிறேன்.

நாள் 2: மாமல்லபுரம்

தை மாதத்து வெயில்தானே என்று ஏமாந்துவிடக் கூடாது. பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். அதனால் காலையிலேயே கிளப்பினேன். வெளிநாட்டவருக்கு டிக்கெட் 600 ரூபாய், நமக்கு 40. ஏன் இந்த வித்தியாசம் என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கேட்பார். 'உங்கள் ஊரில் ஒரு காபி என்ன விலை?' என்று திருப்பிக் கேட்பேன். வழக்கமாக அத்தோடு முடிந்துவிடும்.

முதலில் ஐந்து ரதம். இவற்றுக்கும் பாண்டவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பேர் பின்னால் வந்தது என்று சொன்னால் பாதிப் பேருக்கு ஏமாற்றம். அதனால் பேரை விட்டுவிட்டு அடித்தளத்தைக் காட்டுவேன். தர்மராஜ ரதத்தில் மேல் தளங்கள் நகை மாதிரி முடிந்திருக்கும். கீழே தூண்கள் முரட்டுக் கல்லாகவே நிற்கும். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தவர்கள் பாதியில் உளியைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டியது அல்ல, குடைந்தது என்பதை ஆயிரம் வார்த்தையில் சொல்வதைவிட அந்த முடியாத தூணைத் தொட்டுக் காட்டினால் போதும்.

அடுத்து பெரிய பாறைச் சிற்பம். அது காட்டுவது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்ற வழக்கை நான் தீர்ப்பதில்லை. விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைக் காட்டுவேன். பிறகு, யானைகளுக்குப் பக்கத்தில் அதேபோல் கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையைத் தேடச் சொல்வேன். அதன் காலடியில் எலிகள் பக்தியோடு கூடியிருக்கும். யாராவது கண்டுபிடித்து வாய்விட்டுச் சிரிக்கும் அந்த நொடிதான் எனக்கு மாமல்லபுரம். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்திய சிற்பி சொன்ன கிண்டலை இன்று காலை லியோன் நகரத்துப் பாட்டி ஒருவர் பிடித்துக்கொண்டார். மொழிபெயர்க்க என்னைத் தேடவேயில்லை.

வெண்ணெய் உருண்டைக் கல்லில் வழக்கமான போட்டோ, கையால் தாங்குவது போல. ஏழு யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தும் அசையவில்லை என்ற வெள்ளைக்கார கவர்னர் கதையையும் சொன்னேன். 'என்பார்கள்' என்று முடித்தேன். கைடுகளின் அகராதியில் அதிகம் தேய்ந்த சொல் இந்த 'என்பார்கள்'தான். பொய்யும் இல்லை, பொறுப்பும் இல்லை.

கணக்கு வாத்தியார் மட்டும் விடவில்லை. "என்பார்கள் என்றால் யார்?" என்றார்.

நாள் 3: புதுச்சேரி

என் ஊர் என்பதால் எனக்குத்தான் இங்கே பேச வருவதில்லை. 1954 நவம்பரில் கைமாறியது, சட்டப்படி 1962ல்தான் முடிந்தது என்று இரண்டு வரி. போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியை எல்லோரும் படம் எடுத்தார்கள். 'பிரான்ஸ் மாதிரியே இருக்கிறது' என்று ஒருவரும் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது நம்மூர்க்காரர்கள்தான். மத்தியானம் அவர்களை உலாவ விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா வைத்த வஞ்சிரக் குழம்பு. ஒரு மணி நேரம் யாரையும் எண்ணாமல் இருந்தேன்.

நாள் 4: சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம்

இன்று கோபத்தோடு எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் கோயில் பார்க்கிற பயணத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு. பன்னிரண்டு மணிக்கு நடை சாத்துவார்கள், நாலு மணிக்குத் திறப்பார்கள். டிரைவர், கைடு, வழியில் டீ விற்கிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். பயணத் திட்டம் போடும் அலுவலகத்தில் ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன், அடுத்த மாதமும் அவர்களோடுதான் வேலை. தாளில் இப்படி இருந்தது: 'கங்கைகொண்ட சோழபுரம், 12.15'.

சிதம்பரத்தை அவசரமாகப் பார்க்க முடியாது. கோபுர வாசலில் நூற்றெட்டுக் கரணங்களையும், அதாவது நடன நிலைச் சிற்பங்களையும், வரிசையாகப் பார்த்துவிட்டு, முன்னாள் நடன ஆசிரியை ஒருவர் அங்கேயே ஒரு கரணம் பிடித்துக் காட்டினார். அறுபத்தெட்டு வயது! தீட்சிதர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "முழங்கை இன்னும் கொஞ்சம் மேலே" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். கிளம்பவே பதினொன்றாகிவிட்டது.

வழியெல்லாம் சம்பா அறுவடை. சாலையில் பாதியை நெல் காயப்போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். "வேகமாப் போக முடியாது மேடம், நெல்லு மேல ஏத்தினா பாவம்" என்றார் டிரைவர் அண்ணன். சேர்ந்தபோது 12.10. கருவறை வாசல் கதவை எங்கள் கண் முன்னாலேயே சாத்தினார்கள்.

ஆனால் இந்தக் கோயிலில் கதவு சாத்தினாலும் பார்க்க இருக்கிறது. வடக்குப் படிக்கட்டு ஓரம் சண்டேசர் சிற்பம். சிவன் உட்கார்ந்தபடி, கீழே பணிந்திருக்கும் சிறுவனின் தலையில் மாலை சுற்றிக்கொண்டிருக்கிறார். அந்த விரல்களைப் பாருங்கள், அப்பா பிள்ளைக்குத் தலை துவட்டுவது போலிருக்கும். கதையைச் சொன்னேன். சிறுவன் மணலில் லிங்கம் செய்து பால் ஊற்றினான், அப்பா வந்து பால்குடத்தை உதைத்தார், அவன் அப்பாவின் காலை வெட்டினான், சிவன் அவனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்.

"அப்பா காலை வெட்டியதற்கு மாலையா?" என்றார் லியோன் பாட்டி. பெரியபுராணத்தைப் பிரெஞ்சில் சொல்லும்போதுதான் இந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் பதில் யோசித்ததில்லை என்பது உறைக்கிறது. நமக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழனே தனக்கு முடிசூட்டுவதாக இதைச் செய்துகொண்டான் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள் என்று பேச்சை மாற்றினேன். நழுவல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

புல்தரையில் வேப்பமர நிழலில் உட்கார வைத்து ராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்பைச் சொன்னேன். வென்ற நாட்டிலிருந்து பொன் கொண்டுவந்தவர்கள் உண்டு, இவன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். அதை ஏரியில் ஊற்றி, தண்ணீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேட்டில் எழுதிவைத்தான். கணக்கு வாத்தியார் நோட்டில் எழுதிக்கொண்டார். "இது என்பார்களா, எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டார். எழுதியிருக்கிறார்கள் என்றேன். அடிக்கோடு போட்டார்.

நாள் 5: தாராசுரம், சுவாமிமலை

தாராசுரத்தில் தட்டினால் பாடும் கல் படிகளுக்குக் கம்பி போட்டுவிட்டார்கள். நல்லதுதான், தட்டித் தட்டியே தேய்த்திருப்போம். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தை ஒரு பக்கம் கையால் மறைத்துக் காட்ட வேண்டும், ஒன்றை மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. இதற்காகவே என் உள்ளங்கை அளவாகப் படைக்கப்பட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

சுவாமிமலையில் ஸ்தபதி பட்டறை. வெண்கலச் சிற்பம் செய்வதில் எல்லோரும் உலோகம் ஊற்றுவதைப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் வருவது. ஒரு தென்னை ஓலைக் கீற்றை எடுத்து, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்துக்கொண்டே போவார்கள். ஒடியோலை என்று பேர். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று மடிப்புகளே அளவு சொல்லும். சென்டிமீட்டர் இல்லை, ஸ்கேல் இல்லை. சிலை ஒரு சாண் ஆனாலும் ஓராள் உயரம் ஆனாலும் ஓலையின் விகிதம் அதேதான். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள்.

வாத்தியார் அந்த ஓலையை வாங்கி, திருப்பி, மடிப்புகளை எண்ணினார். பத்து நிமிடம் யாரோடும் பேசவில்லை. கிளம்பும்போது ஸ்தபதியின் கையைக் குலுக்கி, "நான் நாற்பது வருடம் விகிதம் நடத்தினேன், இவ்வளவு எளிதாக நடத்தியதில்லை" என்றார். நான் மொழிபெயர்த்தேன். "சாருக்குக் காபி சொல்லு" என்று உள்ளே குரல் கொடுத்தார் ஸ்தபதி.

நாள் 6: தஞ்சாவூர்

பெரிய கோயில். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். வேலைக்கு வந்த புதிதில், இங்கேயே இருக்கும் மூத்த கைடு ஒருவரிடம்தான் தொழில் கற்றுக்கொண்டேன். கருவறைக்கு மேல் எழும் விமானத்தைப் பற்றித்தான் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: 'விமானத்தின் நிழல் தரையில் விழாது'. நாலைந்து வருடம் நானும் அதைப் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறேன். என் காலடியில் நிழல் விழுந்துகொண்டிருக்கும், நான் விழாது என்று சொல்லிக்கொண்டிருப்பேன், பதினைந்து பேர் தலையாட்டுவார்கள். அவர்கள் மேலே பார்த்துக்கொண்டிருப்பார்களே தவிர கீழே யார் பார்த்தார்கள்? உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்றும் சொன்னேன். பல கல்லை இணைத்ததுதான் என்று ஆய்வாளர்கள் சொல்லிப் பல காலமாகிறது.

இன்று பத்தரைக்கு உள்ளே போனோம். பிரகாரத்தில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், அதனால் முந்தின இரவே எல்லோருக்கும் காலுறை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். கல்வெட்டுகளிலிருந்து ஆரம்பித்தேன். 'நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்ன வரியை முதலில் தமிழிலேயே சொல்லிவிடுவேன். அந்தக் 'குடுத்தனவும்' திரும்பத் திரும்ப வருவது புரியாதவர்களுக்கும் காதில் தங்கும். பேரரசன் பட்டியலில் அக்காவுக்குத் தனக்கு அடுத்த இடம்! அப்புறம் தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயிலில் ஆடப் பணியமர்த்திய பெண்கள், நானூறு பேர். ஒவ்வொருவருக்கும் பேர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, பங்குக்கு வருடம் நூறு கலம் நெல். நடன ஆசிரியை கேட்டார், "என் பேரை எங்கள் ஊரில் எந்தச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்?" கட்டிய தச்சன் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பேர் உட்பட கல்லில் இருக்கிறது. இவ்வளவு எழுதிவைத்திருப்பவனிடம் போய் நாம் ஏன் கட்டுக்கதை சேர்த்தோம் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

பதினொன்றே முக்காலுக்கு வாத்தியார் வந்து, "உயரம் எவ்வளவு?" என்றார். புத்தகத்தில் 216 அடி என்றேன். "என்பார்களா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஊன்றுகோலோடு வடக்குப் பக்கம் நடந்துவிட்டார்.

தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். உச்சிப்பொழுதில் விமானத்தின் நிழல் வடக்கே, சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் விழும். அவர் கோலைத் தரையில் செங்குத்தாகப் பிடிக்க, நடன ஆசிரியை அதன் நிழலை டேப்பால் அளந்தார். கோல் 90 செ.மீ., நிழல் 52. பிறகு விமானத்தின் அடிச்சுவரிலிருந்து கலச நிழல் முடியும் இடம் வரை அடிமேல் அடி வைத்து அளந்தார்கள். 21 மீட்டர். அடித்தளம் ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர், கலசம் நடுவில் இருப்பதால் அதில் பாதி 15ஐச் சேர்க்க வேண்டும் என்றேன். கணக்கில் நான் செய்த ஒரே உதவி. 36 மீட்டர் நிழல். நோட்டில் பெருக்கி வகுத்து, 62 மீட்டர் சொச்சம் என்றார்.

அதே நேரத்தில் பத்தடி தள்ளி, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டத்துக்கு நம்ம மூத்த கைடு, கணீர் குரலில், "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு பையன் மட்டும் திரும்பிப் பார்த்தான். ஏழாம் வகுப்பு இருக்கும். என்னிடம் வந்து, "அக்கா, நிழலே விழாதுன்னா அந்தத் தாத்தா எதை அளக்கிறாரு?" என்றான்.

என்ன சொல்வது? குருவைப் பிள்ளைகள் முன்னால் பொய்யர் ஆக்கவும் முடியாது, பையனிடம் பொய் சொல்லவும் முடியாது. "நீயே போய் அவர் பக்கத்துல நின்னு பாரு" என்றேன். போனான். தன் நிழலையும் அளக்கச் சொன்னான். அவன் உயரம் 1 மீட்டர் 44 என்று வந்தது. பள்ளியில் அளந்ததும் கிட்டத்தட்ட அதேதானாம். கூட்டத்தில் பாதி இங்கே வந்துவிட்டது. வெயிலில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு ஒவ்வொருவனும் தன் நிழலை நீட்டிக்கொண்டிருந்தான்.

வெளியே டீக்கடையில் மூத்தவர் என்னைப் பிடித்தார். "என்னம்மா, நம்ம சோத்துல மண்ணப் போடுறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலையேண்ணே."

"அதான் பாத்தேன்." டீயை ஆற்றினார். "நிழல் விழும்னு எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா அதுலதான் ஒதுங்கி நிக்கிறேன். விழாதுன்னு சொன்னாத்தான் பசங்க அண்ணாந்து பாக்குதுங்க. விழும்னு சொன்னா எதுக்குப் பாக்கணும்?"

இதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போதும் முழுதாக வரவில்லை. விமானம் மேலே போகப் போகச் சரிவாகக் குறுகுவதால், ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாட்களில் நிழல் அதன் அடிக்குள்ளேயே அடங்கிவிடும், அதைத்தான் எந்தக் காலத்திலோ யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். "அப்போ நான் சொல்றதுல ரெண்டு நாள் உண்மை இருக்கு" என்று எழுந்து போனார். டீக்கு என் காசையும் அவரே கொடுத்திருந்தார்.

நாள் 7: செட்டிநாடு

களைப்பு. சுருக்கமாக.

பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று ஒப்பிப்பதில் எனக்கே அலுப்பு. வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே நடந்தால் போதும், சொல்லத் தேவையில்லை. ஆத்தங்குடியில் ஓடு செய்வதைப் பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணச் சிமெண்டை ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தால் பூ கலங்காமல் நிற்கிறது. பிறகு மணலும் சிமெண்டும் போட்டு நிரப்பித் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். காய்ந்தபின் கண்ணாடியை உரித்தால் வரும் பளபளப்பு பாலிஷ் போட்டதில்லை, கண்ணாடி விட்டுப்போனது.

காரைக்குடி பழம்பொருள் கடைத் தெருவில் லியோன் பாட்டி பழைய எனாமல் தூக்கு ஒன்று வாங்கினார். ஐரோப்பாவில் செய்து, கப்பலில் வந்து, எந்த ஆச்சியின் சமையலறையிலோ இருந்துவிட்டு, இப்போது விமானத்தில் திரும்புகிறது.

நாள் 8: மதுரை

மத்தியானம் ஒரு பெரிய கைவினைக் கடை. 'மொட்டை மாடியிலிருந்து கோபுரம் தெரியும், வாங்க' என்று அழைப்பார்கள். தெரியவும் செய்யும். இறங்கும்போது மூன்று தளமும் கடை வழியாகத்தான் இறங்க வேண்டும். இவர்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு. வாங்குவேன், மறைக்கவில்லை. பஸ்ஸிலேயே குழுவிடம் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு இன்னும் தாராளமாகவே வாங்குகிறார்கள், அதுதான் விசித்திரம்.

மாலையில் மீனாட்சி கோயில். 2018 தீவிபத்துக்குப் பிறகு செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பதினான்கு போன், பதினான்கு செருப்பு ஜோடி, இரண்டுக்கும் தனித்தனி டோக்கன். அத்தனையும் என் பையில். படம் எடுக்க முடியாது என்று முதலில் முணுமுணுத்தார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்தான் என்று சொன்னதும் வாத்தியார் எண்ணக் கிளம்பினார், இழுத்துப் பிடித்தேன்.

இரவு பள்ளியறை. சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் மீனாட்சி சன்னதிக்குப் போகும். மற்ற மதத்தவர் சன்னதிக்குள் வர முடியாது என்ற பலகைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நின்றோம். சாம்பிராணிப் புகை, நாதஸ்வரம், விசிறி. பல்லக்கு எங்களைத் தாண்டிப் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தினமுமா?" என்றார். தினமும்தான். "என் வீட்டுக்காரர் நாற்பத்தொரு வருடம் எனக்கு முன்னாலேயே தூங்கிப்போவார்" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

நாளைக் காலை அவர்களுக்கு மதுரையிலிருந்து விமானம். பதினான்கு டோக்கனுக்குப் பதினான்கு போனும் திரும்பி வந்தன, பதினான்கு தலைகளும் இருந்தன.

ஓட்டலுக்கு வந்து என் போனைத் திறந்தால் அடுத்த குழுவின் தாள் வந்திருக்கிறது. பதினொரு பேர், பிப்ரவரி. நாலாம் நாள்: 'கங்கைகொண்ட சோழபுரம், 12.15'. பதில் எழுத ஆரம்பித்தேன், மூன்று பத்தி ஆகிவிட்டது. அழித்தேன். டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு, புதுச்சேரியிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பலாமா என்று கேட்டேன்.

"டீக்கு நிறுத்தணும் மேடம்" என்றார்.